கோப்பைக் கம்பியில் ஒரு ஸ்கேனர்

‘தோட்டத்துச் சொத்து’ என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தத் தோட்டம், யாருடைய சொத்து என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் கோபம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கொய்யாவில் ஒரு காயைப் பறித்தால்கூட அந்த வார்த்தையைச் சொல்லிச் சீண்டுவார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை. ஒன்பது வயதில் தோட்டத்து ஆபீசில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று அந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். மேசையின் மேல் ஒரு துருப்பிடித்த கம்பி கிடந்தது.

எங்கள் தோட்டம் நிவித்திகலைக்கு மேலே இருக்கிறது. அடிவாரத்தில் ரப்பர், மேலே தேயிலை. ரப்பர்ப் பக்கத்தைக் கீழ்க்கணக்கு என்போம், தேயிலைப் பக்கத்தை மேல்கணக்கு என்போம். நாங்கள் இருந்தது மேல்கணக்கு லயத்தில், தொழிலாளருக்கென்று ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில். அப்பா கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூட்டை தூக்கினார். எப்போதாவது ஊருக்கு வருவார். வீட்டில் அம்மா, நான், தவழ்கிற வயதில் ஒரு தம்பி, அம்மாவோடு கூடப்பிறந்த மாமா. அம்மா கொழுந்து பறித்தாள். மாமா ஆட்டோ ஓட்டினார்.

மாமா பெரிய புளுகர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்ததன் அநியாயம் உங்களுக்குப் புரியாது. பிரேக் இல்லாத ஆட்டோவில் இறக்கம் முழுவதும் வந்ததாகச் சொல்வார். களுகங்கையில் தான் தூக்கி எறிந்த கல்லை மாணிக்கம் என்று யாரோ எடுத்துக் கார் வாங்கியதாகச் சொல்வார். லயத்தில் யாரும் நம்புவதில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். புளுகும்போது அவருடைய கண்கள் சிரிக்கும். அதனால் அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை.

மேல்கணக்குக்கு ஏறுகிற பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே தோட்டத்து மனேஜரான துரையின் ஜீப் வந்தால், யாராக இருந்தாலும் பின்னோக்கிப் போய் அகலமான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். ஜீப் பின்வாங்காது. இப்படி ஒரு சட்டத்தை எங்கும் யாரும் போடவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தாய்ப்பாலோடு வந்துவிடும். பிரசவ வலியில் துடித்த ஓர் அக்காவை ஏற்றிக்கொண்டு மாமா இறங்கிய நாளிலும் எதிரே ஜீப் வந்தது. மாமா இறங்கி ஓடிப்போய்க் கெஞ்சினார். ஜீப் ஹோர்ன் அடித்தது. அந்த அக்கா உள்ளே அலற, மாமா மேட்டில் பின்னோக்கியே போய் ஒதுங்கினார். ஜீப் கடந்து போனபோது அதன் முன்சீட்டில் துரையின் நாய் உட்கார்ந்திருந்ததாம். இதை மாமா சொன்னபோது அவர் கண்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் மலையில் போன் சிக்னல் கிடைக்காது. அதனால் துரைமாரும் பங்களாவும் தொழிற்சாலையும் தோட்டத்து வாசல் கேட்டும் வோக்கி டோக்கியில்தான் பேசிக்கொள்வார்கள். துரை ஜீப்பை எடுக்குமுன் கேட்டுக்குச் சொல்லுவார். அந்தப் பேச்சு நம் காதிலும் விழுந்தால், அகலமான இடத்திலேயே நின்றுகொள்ளலாம், யாருக்கும் பின்வாங்க வேண்டாம். மாமாவின் வாழ்க்கையிலேயே உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

பெல்மதுளைச் சந்தியில் டீவி திருத்துகிற ஒரு சிங்கள அண்ணன் மாமாவுக்குக் கூட்டாளி. அவருடைய கடையில் கைக்கடக்கமான ஒரு ரேடியோ ஸ்கேனர் சும்மா கிடந்தது. வெளிநாட்டுக்காரர் யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் போனதாம். மாமா ஆட்டோவில் இருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தார். பாட்டில்லாத ஆட்டோவில் எப்படிப் போவது என்று லயமே முகம் சுளித்தது.

ஸ்கேனர் என்ற பெயர் வேறு தொல்லை கொடுத்தது. எங்கள் பெண்களுக்குத் தெரிந்த ஸ்கேன் ரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வயிற்றில் வைத்துப் பார்ப்பது. மாமா வீட்டிலேயே ஸ்கேனர் வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும், பக்கத்து லயத்திலிருந்து இரண்டு பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமா வெட்கப்பட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் ஓடிவிட்டார். அம்மாதான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள்.

எனக்கு அந்தச் சாமானைக் கண்டாலே ஆகவில்லை. காரணம், ஆட்டோவில் என் இடம் மாமாவின் சீட்டில், அவருக்கு இடது பக்கம். கண்ணாடிக்கு முன்னால், காற்று முகத்தில் அடிக்கிற இடம். ஸ்கேனரையும் சரியாக அங்கேதான் மாட்ட வேண்டுமாம்! பின்னால் எவ்வளவு இடம் கிடந்தது? ஓர் ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டலாம். “புள்ள, கொஞ்சம் பின்னுக்குப் போய்க்கம்மா, ஒன் மொழங்கால் இடிக்குது” என்று மாமா என்னை மூட்டைகளோடு உட்கார வைத்தார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது அதைவிடப் பெரிய அவமானம்.

மாட்டுவது அவ்வளவு லேசான காரியமாகவும் இருக்கவில்லை. முதலில் ஸ்கேனரின் முதுகில் இருந்த கிளிப்பைக் கண்ணாடிக் கம்பியில் செருகிப் பார்த்தார். முதல் பள்ளத்திலேயே அது கழன்று விழுந்தது. பிறகு பழைய டியூபை வார்வாராக வெட்டி இறுக்கிக் கட்டினார். ரப்பர் வார் பொத்தான்களை அழுத்திக்கொண்டதில் எண்களெல்லாம் ஓடிப்போய் எங்கேயோ நின்றன. ஏரியலை ஆட்டோவின் பின்பக்கம், ஹூட்டுக்கு மேலே வைத்தார். எஞ்சினும் பின்னால்தானே, அதனால் ஸ்டார்ட் பண்ணினால் கொரகொரவென்று எஞ்சினின் இரைச்சல்தான் கேட்டது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டினால் மட்டும் பேச்சு கேட்டது. ஆக, இறங்கும்போது ஊர் உலகமெல்லாம் தெரியும், ஏறும்போது செவிடு. பெல்மதுளை அண்ணன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, ஏரியலை முன்னால் கொண்டுவந்து, பிளக்கின் மூடியையும் மாற்றினார். இரைச்சல் அடங்கியது. ஸ்கேனரை எதில் நிறுத்துவது என்பதுதான் மிச்சம்.

அதற்கு வழி கீழ்க்கணக்கில் கிடந்தது. ரப்பர் மரத்தில் பால் வடிகிற கோப்பையைத் தாங்க ஒரு கம்பி கட்டுவார்கள். மரத்தைச் சுற்றிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், முன்னால் கோப்பை உட்கார ஒரு வளையம். பழைய மரங்களை வேரோடு சாய்த்து விற்ற மேட்டில் அந்தக் கம்பிகள் துருவேறி மண்ணுக்குள் கிடக்கும். மாமா அதில் ஒன்றைத் தோண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங்கைக் கண்ணாடியின் ஓரக் குழாயில் சுற்றினார். வளையத்துக்குள் ஸ்கேனர் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் மெல்ல ஆடிக்கொடுக்கும், ஸ்கேனர் அசையாது. மாமா தன் கையாலேயே தன் தோளைத் தட்டிக்கொண்டார்.

அந்தக் கம்பி இல்லாத வீடு எங்கள் தோட்டத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் பல் தீட்டுகிற கோப்பை அதில்தான் தொங்கியது. மேல்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளையின் வாசலில் பூச்சட்டிகள் தொங்கியதும் அதிலேதான். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரில் கேட்டதைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். எண்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது பேசினால் அந்த இடத்தில் நிற்கும். பங்களாச் சமையல்காரர் கடைக்குப் போகிறவரிடம் பாண் கேட்பார். நாய்க்கு இறைச்சி வரவில்லை என்று முறையிடுவார். தொழிற்சாலையிலிருந்து ஒருவர் கொழுந்து ஈரம் என்று புலம்புவார். துரைமார் தங்களுக்குள் சிங்களத்தில் பேசுவார்கள். மாமாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, எனக்குப் பாதி விளங்கும், பாதி விளங்காது. எப்படியோ, ஜீப் புறப்படுகிற செய்தி வந்ததும் மாமா அகலமான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தி, ஒரு வெற்றிலையையும் மடித்துப் போட்டுக்கொள்வார். ஜீப் கடந்து போகும்போது மரியாதையாகத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கத்தான் நான் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பேன். எனக்கும் ஸ்கேனருக்கும் அப்படித்தான் சமாதானம் ஏற்பட்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. நாள் கணக்கில் கொட்டும். துணி காயாது, விறகு எரியாது, அட்டை கட்டிலுக்கே வந்துவிடும். ஒரு நாள் பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். பின்சீட்டில் என்னோடு ஒரு மூட்டை மாவும் வந்தது. பாதி வழியில் ஸ்கேனர் பேசியது. துரைக்கு உதவியாக இருந்த சின்ன துரையின் குரல். வழக்கமாக மெதுவாகப் பேசுகிறவர், அன்றைக்குக் கத்தினார்.

“நாயக் யன்ன புளுவன் சேர்!”

எனக்கு அதில் விளங்கிய ஒரே வார்த்தை நாய். பங்களா நாய்க்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, இல்லாவிட்டால் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. “எங்க மாமா ஓடிருச்சு?” என்று கேட்டேன். மாமா கையை நீட்டி என்னைப் பேசாதே என்றார். இன்னும் இரண்டு மூன்று தடவை சின்ன துரை அதையே சொன்னார். கடைசியில் பெரிய துரையின் குரல், சாப்பாட்டு மேசையில் இருந்து பேசுவதுபோல நிதானமாக, எதையோ நீட்டிச் சொல்லிவிட்டு, “ஹெட்ட பலமு” என்று முடித்தது. நாளைக்குப் பார்ப்போம் என்கிற அந்த அளவு சிங்களம் எனக்கும் தெரியும்.

மாமா ஆட்டோவை விரட்டினார். அந்த மழையில், அந்தப் பாதையில். லயத்துக்கு முன்னால் நிறுத்தி இறங்கினார். வெளியே நின்றபடியே கையை நீட்டி ஹோர்னை விடாமல் அழுத்தினார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள்.

“அக்கா, புள்ளைய தூக்கு. நாய போகப்போகுது.”

“என்னாடா சொல்ற?”

“மல சரியப் போகுதுக்கா! லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருச்சாம். கலங்கல் தண்ணி வருதாம். சின்ன தொர சொல்றாரு. பெரிய தொர, இப்ப சொன்னா நாளைக்கிப் பிரட்டுக்கு ஒருத்தனும் வரமாட்டான், கொழுந்து கெடக்குது, நாளைக்கிப் பாப்போங்கிறான்.”

சிங்களத்தில் நாய என்றால் மண்சரிவாம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் கண்களை ஒரு தரம் பார்த்தாள், போய்த் தம்பியைத் தூக்கினாள். மற்றவர்கள் அப்படி விட்டுவிடுவார்களா? மாமாவின் பேச்சு அல்லவா! “இது எந்தக் காட்டுல நடந்துச்சு?” என்று ஒருவர் சிரித்தார். மாமா ஸ்கேனரைக் கம்பியிலிருந்து உருவி எடுத்து, நீங்களே கேளுங்கள் என்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஸ்கேனர் கொஞ்சம் இரைந்துவிட்டு, “பங்களாவுக்குப் பாண் ரெண்டு, பட்டர் ஒண்ணு” என்றது. அந்தச் சமையல்காரரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அம்மா தம்பியோடு மழையில் இறங்கியதைப் பார்த்து இன்னொரு வீடு இறங்கியது. அதைப் பார்த்து மற்றது. மாமா முடியாதவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் ஆட்டோவில் ஏற்றி ஏற்றிக் கீழே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். இருட்டுவதற்குள் லயம் காலியாகிவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஈரப் பாயில் எல்லோரும் நெருக்கியடித்துக் கிடந்தோம். மலை எப்போது விழும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டே தூங்கிப்போனேன்.

மலை விழவில்லை.

விடிந்தபோது மழையும் இல்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, வெட்கமில்லாமல் வெயில் அடித்தது. லயம் கழுவித் துடைத்தது மாதிரி அப்படியே நின்றது. கோழிகள் முற்றத்தைக் கிளறிக்கொண்டிருந்தன. காலையில் பேர் பதிகிற பிரட்டுக்கு யாரும் போகாததால் மேல்கணக்கில் அன்றைக்கு ஒருவருக்கும் பேர் விழவில்லை, அதாவது கூலி இல்லை. வெயில் ஏற ஏற ஜனங்களின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மாமாவைப் பார்த்த பார்வையும் மாறியது.

துரை ஜீப்பில் வந்தார். கணக்கப்பிள்ளையும் சின்ன துரையும் கூட வந்தார்கள். லயத்துக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு, அது வெடிப்பும் இல்லை கிடிப்பும் இல்லை, பழைய கான் என்றார். தண்ணீர் வடிய வெட்டுவார்களே, அந்தக் கான். நான் அதைப் பார்த்திருக்கிறேன். என் கை முழுவதும் உள்ளே போகிற பிளவு அது, தேயிலைச் செடி ஒன்று அதன் விளிம்பில் வேர் தெரிய நின்றது. கான் என்றால் யாராவது வெட்டியிருக்க வேண்டாமா? பின்னேரத்துக்குள் ஆள் விட்டு மண்ணைப் போட்டு அதை மூடி, மேலே புல்லையும் பதித்துவிட்டார்கள். சின்ன துரை அந்த நேரம் முழுவதும் தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் நாள் ஸ்கேனரில் கத்திய அதே மனுஷன்! அவருடைய வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா புளுகாமல் ஒன்றைச் சொன்னார். அன்றைக்குப் பார்த்துத்தான் ஊரே அவரைப் புளுகன் என்று சேர்ந்து சொன்னது.

இரண்டு நாளில் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அதற்குள் கேட்டில் வைத்தே ஸ்கேனரையும் கம்பியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா என்னையும் கூட்டிப் போனார். “எம் மருமகளும் கேட்டா, அவதான் எனக்குச் சாட்சி” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கிப் போகிற வழியெல்லாம் “மட்ட எஹுணா சேர்” என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். எனக்குக் கேட்டது ஐயா என்று அர்த்தம். மாமாவே சொல்லிக்கொடுத்தார். பெரிய துரை என்ன சொன்னார் என்று கேட்டால் ‘ஹெட்ட பலமு’வையும் அதே குரலில் சொல்லிக் காட்டுவதாக இருந்தேன்.

ஆபீசில் துரை உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகப் பேச வேண்டிய, தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் கம்பி, கம்பியின் வளையத்துக்குள் ஸ்கேனர். துரை இரண்டு விரலால் ஸ்கேனரைத் தூக்கி மாமாவிடம் நீட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும், வேலை வாங்குகிற அளவுக்கான தமிழ்.

“இந்தா, ஒன்னோட போன்.”

மாமா கையை நீட்டவில்லை. “இது போன் இல்லைங்க சேர். ரேடியோ.”

“என்னா ரேடியோ?” என்றார் துரை.

மாமா கையை நீட்டினார். ஸ்கேனர் அவர் கைக்கு வந்துவிட்டது. மேசையில் கம்பி மட்டும் மிஞ்சியது. துரை அதைச் சுட்டிக்காட்டினார்.

“இது யார் சாமான்? தோட்டத்துச் சொத்து. யார கேட்டு எடுத்த?”

“தொர, அது காட்டுல துருப்புடிச்சு...”

“எடுத்தியா இல்லியா?”

“எடுத்தேங்க.”

அவ்வளவுதான் விசாரணை. திருட்டு. மழைக்காலம் முடிகிறவரை ஆட்டோ கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. போலீசுக்குப் போகாமல் விடுவதே துரையின் பெருந்தன்மை என்று தலைவர் எடுத்துச் சொல்லி, மாமாவின் முதுகைத் தள்ளி மன்னிப்பும் கேட்க வைத்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன்! “மட்ட எஹுணா சேர்” என்று நானாகவே சொன்னேன். துரை என்னைப் பார்த்துச் சிரித்து, மேசை லாச்சியிலிருந்து ஒரு டொபி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்தபோது ஆபீஸ் விராந்தையில் வரிசையாக ஐந்தாறு பூச்சட்டிகள் தொங்கின. எல்லாம் அதே கம்பியில். நான் டொபியை ஒரு சட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. ரேடியோவை விட்டுவிட்டு எதற்காகத் துருக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்? அனுமதியில்லாமல் அப்படி மற்றவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்பதுதான் உண்மையான குற்றம் என்றும், அதற்காக மாமாவைப் பிடித்து உள்ளே போட்டிருக்கலாம் என்றும் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். கையில் அவ்வளவு பெரிய குற்றத்தை வைத்துக்கொண்டு துரை அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால், என்ன கேட்டாய் என்று யாராவது மாமாவைக் கேட்டிருப்பார்கள். மாமா சொல்லியிருப்பார். ஆகவே ரேடியோ என்று ஒன்று இல்லவே இல்லை, அது போன். இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது.

ஜனங்களும் விட்டுவைக்கவில்லை. கூலி போன ஆத்திரம் ஒரு பக்கம், இனி மூட்டையைத் தலையில் சுமந்து ஏற வேண்டிய கஷ்டம் ஒரு பக்கம். மாமா நடந்து வருவதைப் பார்த்தாலே சின்னப் பையன்கள், “நாய் வருது, நாய் வருது” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் அவர்களை அதட்டவில்லை. மாமா ஆட்டோவைக் கேட்டுக்கு வெளியே மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு மலையேறி வந்தார். வந்ததும் சாப்பிட்டார், படுத்தார். பிரேக் இல்லாத ஆட்டோவும் போய்விட்டது, மாணிக்கக் கல்லும் போய்விட்டது. புளுகாத மாமா எங்களுக்குப் பழக்கமில்லாத ஆள். அம்மா ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, “ஏதாவது சொல்லேன்டா” என்று கேட்டேவிட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

எனக்கு எல்லோர் மேலும் கோபம். துரை மேல், தலைவர் மேல், சப்பாத்தைப் பார்த்த சின்ன துரை மேல். ஆனால் எல்லோரையும்விட அதிகமான கோபம் அந்த மலை மேல்தான். அவ்வளவு பெரிதாக வெடித்துவிட்டு, மாமாவை ஊர் முழுவதும் கத்த வைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கிறதே! அது அன்றைக்கு ஒரு முழம் சரிந்திருந்தால்கூட மாமாவைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள்.

எங்கள் மாரியம்மன் கோயில் லயத்துக்கு எதிரே சின்ன மேட்டில் இருக்கிறது. மறுபடியும் மழை தூறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மாமாவோடு அங்கே போனேன். அவர் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே வேண்டினேன். தாயே, அந்த மலையை விழப் பண்ணு, நான் தேங்காய் உடைக்கிறேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. அப்படி ஒரு பிடியை மாமாவிடம் அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

“என்னா கேட்ட?”

சொன்னேன். என்ன பயம்? நான் அவருக்காகத்தானே கேட்டேன்.

“வேணாம்னு சொல்லு. இப்பவே சொல்லு.”

“நீங்க பொய்யன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா!”

“சொல்லட்டும். நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன். நீ வேணாம்னு சொல்லு புள்ள.” என் தோளை விட்டார். பிறகு அவரே தரையில் விழுந்து, ஈரச் சிமெண்டில் நெற்றியை வைத்து, “தாயே, நான் சொன்னதெல்லாம் பொய்யாவே போகட்டும்” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். உதட்டளவில்தான். எனக்கு மாமாவின் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவருக்காக ஊரோடு சண்டை போடுகிறேன், ஆபீசில் போய் நின்றேன், சாமியிடம்கூட வந்துவிட்டேன். இவர் என்னடா என்றால் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டு தன்னையே பொய்யனாக்கச் சொல்லிக் கும்பிடுகிறார்! இனி இவரோடு பேசுவதில்லை என்று முடிவு பண்ணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றேன். எதிரே மலை, மலைக்குக் கீழே எங்கள் லயம். கூரையின் மேல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டிவிட்டாள் என்று தெரிந்தது. தம்பி இந்நேரம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பான். மலை விழுந்தால் அந்தப் புகையின் மேல்தான் விழும் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனாலும் மாமாவின் மேல் வந்த கோபம் மட்டும் அன்றைக்குத் தீரவில்லை.